நாலே முக்கால் மீட்டர் முட்டுக் கணக்கு

2006-ஆம் வருடம் நவம்பர் மாதம் 20-ஆம் தேதி, திங்கட்கிழமை, காலை பத்தே கால் மணிக்கு, காவல் நிலைய எழுத்தர் அறையில் பதிவு செய்யப்பட்டது.

பெயர்: கல்பகம். கணவர் பெயர்: விஸ்வநாத். வயது: 45 (அடித்தல்) 46, சுருக்கொப்பம் க. தொழில்: கட்டுமான நிறுவனத்தில் மதிப்பீட்டுப் பிரிவு அலுவலர். விலாசம்: ரயில்வே குவார்ட்டர்ஸ், மெட்டுகுடா, செகந்திராபாத்.

நான் மேற்கண்ட விலாசத்தில் என் கணவருடனும், பொறியியல் இரண்டாம் வருடம் படிக்கும் மகள் ஹம்ஸினியுடனும் குடியிருந்து வருகிறேன். என் கணவர் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இன்ஸ்பெக்டராக இருக்கிறார். என் தகப்பனார் தஞ்சாவூரிலிருந்து இங்கே பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூட வேலைக்கு வந்தவர். நான் பிறந்தது, படித்தது, வேலைக்குப் போனது எல்லாம் இந்த ஊரில்தான். எனக்குத் தெலுங்கும் ஹிந்தியும் தங்கு தடையில்லாமல் வரும். இருந்தும் இந்த வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்கிறேன் என்று கேட்டுக்கொண்டேன். சப்-இன்ஸ்பெக்டர் காரணம் கேட்டார். இருபது வருடமாக ஆபீஸில் தெலுங்கு பேசிப் பேசி, அந்தப் பாஷையில் எதையும் சமாளித்துவிடப் பழகிவிட்டேன், தமிழில் எனக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது என்று சொன்னேன். அதன் பிறகு சித்தூர்க்காரரும் தமிழ் எழுதத் தெரிந்தவருமான தலைமைக் காவலர் ரோஸ்லின் வரவழைக்கப்பட்டார். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதுகிறார். என்னை யாரும் அழைத்து வரவில்லை. நானாக வந்திருக்கிறேன்.

நான் வேலை பார்க்கும் நிறுவனத்தின் பெயர் முதல் தகவல் அறிக்கையிலேயே இருப்பதால் இங்கே திரும்பச் சொல்லவில்லை. எங்கள் ஆபீஸும் ஸ்டோரும் சனத்நகரில் இருக்கின்றன. ஒரு கட்டடத்துக்கு எவ்வளவு சிமெண்ட், எவ்வளவு கம்பி, எத்தனை முட்டு வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது என் வேலை. முட்டு என்று நான் சொல்வது, கான்கிரீட் கூரை போடும்போது பலகைகளைக் கீழிருந்து தாங்கி நிற்கும் இரும்புக் கால்களை. கான்கிரீட் இறுகிக் கெட்டியாகும்வரை மொத்தப் பாரமும் அவற்றின் தலையில்தான் இருக்கும்.

2003-ஆம் வருடக் கடைசிவரை இந்தக் கணக்கெல்லாம் ஒவ்வொரு சைட் சூப்பர்வைசரும் தன் இஷ்டப்படி போட்டுக்கொண்டிருந்தார். ஒருவர் இருநூறு முட்டு கேட்கும் ஹாலுக்கு இன்னொருவர் நானூறு கேட்பார். எனக்கு அது அடியோடு பிடிக்காது. அதன் பிறகு நிறுவனம் எஸ்டிமேட் சாஃப்ட்வேர் ஒன்றை வாங்கியது. அதில் டேபிள் போடும் பொறுப்பைப் பொது மேலாளர் பத்ரி என்னிடம் கொடுத்தார். டேபிள் என்பது பஸ்ஸில் ஒட்டியிருக்கும் கட்டண அட்டை மாதிரிதான். ஒரு பக்கம் கூரையின் உயரம் இருக்கும், அதற்கு நேரே முட்டுக்கும் முட்டுக்கும் இருக்க வேண்டிய இடைவெளி இருக்கும். நாம் உயரத்தைக் கொடுத்தால் சாஃப்ட்வேர் டேபிளில் தேடி இடைவெளியை எடுத்து, சூத்திரத்தில் போட்டு, இத்தனை முட்டு என்று சொல்லிவிடும். உயரம் கூடக் கூட இரும்புக் கால் சீக்கிரம் வளையும் என்பதால் முட்டுகளை நெருக்கி வைக்க வேண்டும்.

இந்த டேபிளுக்கான எண்களை நான் புத்தகத்தில் பார்த்து மட்டும் போடவில்லை. எங்கள் சென்ட்ரிங் மேஸ்திரி குணசேகரனிடம் போய்க் கேட்டேன். அவர் போளூர்ப் பக்கத்துக்காரர், வயது ஐம்பத்திரண்டு, பதினெட்டு வருடமாக எங்கள் நிறுவனத்துக்கே பலகை அடித்து வந்தவர். 2004 பிப்ரவரியில் ஒரு நாள் சைட்டில் மணல் குவியல் பக்கத்தில் நின்றுகொண்டு அவர் சொல்லச் சொல்ல என் நீல அட்டை நோட்டில் எழுதிக்கொண்டேன். நாலு மீட்டர் இருபது சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு மீட்டர் இடைவெளி, நாலு மீட்டர் எண்பதுக்கு முக்கால் மீட்டர் இடைவெளி என்று அவர் சொன்னார். எங்கள் இன்ஜினியரும் அதைப் பார்த்துச் சரி என்றார். அதன் பிறகு குணசேகரனே ஒரு கேள்வி கேட்டார். "ரெண்டுக்கும் நடுவுல ஒரு ஒசரம் வந்தா உங்க மிசினு எதைம்மா புடிக்கும்?" என்றார். எதைப் பிடிக்கச் சொல்கிறோமோ அதைப் பிடிக்கும் என்றேன். "அப்ப பெரிய ஒசரத்தைப் புடிக்கச் சொல்லுங்க. சின்னதைப் புடிச்சா ஆவாது" என்றார். அதையும் எழுதிக்கொண்டேன். அந்தப் பக்கம் இப்போதும் இருக்கிறது. நோட்டை இத்துடன் ஒப்படைக்கிறேன்.

அதன் பிறகு ஆபீஸுக்கு வந்து டேபிளைப் போட்டேன். நான் மொத்தம் நாற்பத்தொரு டேபிள் போட்டிருக்கிறேன். ஒவ்வொன்றையும் வெறுமையிலிருந்து தொடங்கினால் நாள் போய்விடும் என்று, முன்பு போட்ட டேபிளைப் பிரதி எடுத்து, தலைப்பை மாற்றி, எண்களை மாற்றுவது என் வழக்கம். இந்த வேலை தெரிந்த எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். முட்டு டேபிளை நான் டைல்ஸ் டேபிளிலிருந்து பிரதி எடுத்தேன். சுவரில் எத்தனை வரிசை முழு டைல்ஸ் ஒட்டலாம் என்ற டேபிள் அது. அதில் நடுவில் ஓர் உயரம் வந்தால் சின்ன உயரத்தின் வரியை எடுக்கச் சொல்லி வைத்திருந்தேன். அதுதான் அங்கே சரி. முக்கால் டைல்ஸ் முழு டைல்ஸ் ஆகாது. பிரதி எடுத்தபோது எண்களோடு அந்த உத்தரவும் கூடவே வந்துவிட்டது. எண்களை மாற்றினேன். உத்தரவு வேறொரு திரையில், கண்ணுக்குப் படாத இடத்தில் இருந்தது. அதை நான் மாற்றவில்லை. மாற்ற வேண்டும் என்று நோட்டில் எழுதியிருந்தும் மாற்றவில்லை.

சோதித்துப் பார்த்தாயா என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு நான் சொல்வது: சோதித்தேன். நாலு இருபது என்று கொடுத்தேன், நாலு எண்பது என்று கொடுத்தேன். டேபிளில் இருக்கும் உயரங்களை மட்டும் கொடுத்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக வந்தது. வராமல் என்ன செய்யும். நானே கேள்வித்தாள் போட்டு, நானே எழுதி, நானே நூற்றுக்கு நூறு போட்டுக்கொண்டேன்.

அதன் பிறகு இரண்டரை வருடம் அந்த டேபிளில் ஒரு தொந்தரவும் வரவில்லை. எங்கள் கட்டடங்களின் உயரங்கள் எல்லாம் டேபிளில் உள்ள வரிகளுக்கு நேராகவே வந்துகொண்டிருந்தன. 2005 ஆண்டு விழாவில் எனக்கு ஒரு மேசைக் கடிகாரம் கொடுத்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த உற்சாகத்தில் இந்த வருடம் ஜூலையில் ஒரு யோசனை சொன்னேன்: சாஃப்ட்வேர் அச்சடித்துக் கொடுக்கும் எஸ்டிமேட் ஷீட்டில் உள்ள எண்ணிக்கைக்கு மேல் ஒரு முட்டுகூட ஸ்டோரிலிருந்து கொடுக்கக் கூடாது, கொடுக்க வேண்டுமானால் நான் சம்மதிக்க வேண்டும். பத்ரி அதை உத்தரவாகவே போட்டுவிட்டார். அந்த உத்தரவைக் கேட்டு வாங்கியவள் நான் என்பதை இங்கே எழுதிக்கொள்ள வேண்டுகிறேன்.

இந்த வழக்கில் கைது செய்யப்பட்டிருக்கும் தினேஷ் எங்கள் நிறுவனத்தில் மூன்று வருடமாக சைட் சூப்பர்வைசர். திருநெல்வேலிக்காரன், வயது இருபத்தெட்டு. கொண்டாப்பூர் பக்கம் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்கு வாடகைக்கு விடப்போகும் கட்டடத்தில், கேண்டீன் ஹாலின் கூரை வேலை அவன் பொறுப்பில் இருந்தது. ஹால் பன்னிரண்டு மீட்டர் அகலம், பதினைந்து மீட்டர் நீளம். முதலில் உயரம் நாலு எண்பது. அதற்கு ஜூலையில் நான் கொடுத்த ஷீட்டில் 357 முட்டு என்று வந்தது. அது சரியான எண்.

அதன் பிறகு அக்டோபர் மாதம் கட்டடத்தின் சொந்தக்காரர் ஒரு வாஸ்துக்காரரை அழைத்து வந்தார். அவர் டேப்பைப் பிடித்து அளந்துவிட்டு, பதினைந்து அடி ஒன்பது அங்குலம் ஆகாது, இரண்டு அங்குலம் குறைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். இந்த ஊரில் வாஸ்துக்காரர் சொன்னால் சுவரே நகரும். இரண்டு அங்குலம் எம்மாத்திரம். உயரம் நாலு எழுபத்தைந்து ஆனது. அக்டோபர் 16-ஆம் தேதி, தீபாவளிக்கு ஐந்து நாள் முன்பு, புது உயரத்தைக் கொடுத்துப் புது ஷீட் எடுத்தேன். நாலு எழுபத்தைந்து டேபிளில் இல்லை. இரண்டு வரிகளுக்கு நடுவில் விழுந்தது. சாஃப்ட்வேர் டைல்ஸ் கணக்கில் சின்ன உயரத்தைப் பிடித்தது. ஒரு மீட்டர் இடைவெளி என்று எடுத்தது. 208 முட்டு என்று ஷீட் வந்தது. நான் அதைப் படித்துப் பார்க்காமல் ஆபீஸ் பையனிடம் கொடுத்து சைட்டுக்கு அனுப்பினேன்.

மறுநாள் 17-ஆம் தேதி காலை தினேஷ் எனக்கு ஃபோன் செய்தான். "அக்கா, ரெண்டு இஞ்ச் கொறைஞ்சதுக்கு நூத்தம்பது முட்டு எப்படிக்கா கொறையும்?" என்று கேட்டான். சரியான கேள்வி. ஆறாம் வகுப்புப் பிள்ளைகூட அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு நிமிர்ந்து உட்காரும். எனக்கு வந்தது எரிச்சல். தினேஷ் எப்போதும் எதைக் கேட்டாலும் பத்துச் சதவீதம் கூடக் கேட்பவன். அதற்காக அவனை நாலு பேர் முன்னால் கடிந்துகொண்டிருக்கிறேன். "ஜூலை ஷீட் பழசு, இது புதுசு. டேபிள் என்ன சொல்றதோ அதைப் போடு. வேற பேச்சு நக்கோ" என்றேன்; நக்கோ என்றால் இந்த ஊர் ஹிந்தியில் வேண்டாம் என்று அர்த்தம். அவன், "சரிக்கா. நீங்க பாத்தா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி ஃபோனை வைத்தான். நான் பார்க்கவில்லை. பார்த்தேன் என்று அவன் நினைத்துக்கொண்டான், நான் அப்படி நினைக்க விட்டேன்.

அதன் பிறகு 30-ஆம் தேதி மதியம் ஸ்டோரிலிருந்து ஃபோன் வந்தது. தினேஷ் வண்டியோடு வந்து இன்னும் நூறு முட்டு கேட்கிறான், ஷீட்டில் இல்லை, கொடுக்கலாமா என்று ஸ்டோர் கீப்பர் கேட்டார். கூடாது என்றேன். அதன் பிறகு ஃபோனை மேஸ்திரி குணசேகரன் வாங்கிப் பேசினார். "அம்மா, எடம் விட்டு எடம் விட்டு நிக்குதும்மா. எனக்கு மனசு ஒப்பலை. ஒரு நூறு குடுக்கச் சொல்லுங்க" என்றார். நான், "மேஸ்திரி, அது என் கணக்கு இல்லை, நீங்க மணல் மேட்டுல நின்னுண்டு சொன்ன கணக்குதான். உங்க நம்பரைத்தான் போட்டிருக்கேன்" என்றேன். அவர், "நான் சொன்னதா? அப்ப சரிங்கம்மா" என்றார். பதினொரு நாளாக எனக்குச் சோறு இறங்காததற்கு இந்த ஒரு வார்த்தைதான் காரணம். அவருடைய கண் சரியாகச் சொன்னது. அவர் பெயரைச் சொல்லியே நான் அவர் வாயை அடைத்தேன்.

நவம்பர் 9-ஆம் தேதி வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குக் கான்கிரீட் போட ஆரம்பித்தார்கள். இதை நான் நேரில் பார்க்கவில்லை. பிறகு சைட்டில் இருந்தவர்கள் சொல்லக் கேட்டது. பதினொன்று இருபதுக்கு, முக்கால்வாசி போட்டு முடிந்த நிலையில், நடுப்பகுதி உட்கார்ந்து மொத்தமாக விழுந்தது. மேலே நின்ற தினேஷுக்கு இடது மணிக்கட்டு முறிந்தது. பாலமூர்ப் பக்கத்திலிருந்து வந்த கூலியாட்கள் இரண்டு பேருக்குக் காலில் பலமான அடி. மேஸ்திரி குணசேகரன் அந்த நேரம் கூரைக்கு அடியில் இருந்தார். கான்கிரீட் போடும்போது கீழே போக வேண்டாம் என்று தினேஷ் தடுத்திருக்கிறான். மனசு கேட்காமல், முட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சுத்தியலோடு போயிருக்கிறார். அவரை வெளியே எடுக்க இரண்டு மணி நேரம் ஆனது. உயிர் இல்லை.

ஆபீஸுக்குச் செய்தி பதினொன்றே முக்காலுக்கு வந்தது. எல்லோரும் வண்டி எடுத்துக்கொண்டு ஓடினார்கள். நான் என் இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகு கம்ப்யூட்டரில் முட்டு டேபிளைத் திறந்தேன். நாலு எழுபத்தைந்து என்று கொடுத்தேன், 208 வந்தது. நாலு எண்பது கொடுத்தேன், 357 வந்தது. அப்போதுதான் அந்த வேறு திரைக்குப் போனேன். 'நடுவில் வந்தால் சின்ன வரி' என்று இருந்தது. அதை 'பெரிய வரி' என்று மாற்றினேன். பழையதன் மேல் எழுதவா என்று சாஃப்ட்வேர் கேட்டது. சரி என்று அழுத்தினேன். அப்போது மணி பன்னிரண்டு பத்து. மறுபடி நாலு எழுபத்தைந்து கொடுத்தேன், 357 வந்தது.

அதை ஏன் செய்தாய் என்று சப்-இன்ஸ்பெக்டர் இரண்டு முறை கேட்டார். மறைக்க வேண்டும் என்று அந்த நிமிடம் நினைத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. தப்பைப் பார்த்தால் உடனே சரி செய்துவிடுவது இருபது வருடத்துப் பழக்கம். கணக்கில் ஒரு பிழையை விட்டுவைத்துவிட்டு என்னால் டீ குடிக்கக்கூட எழுந்திருக்க முடியாது. அந்தக் கை தானாகப் போய்ச் சரி செய்தது. இதைச் சொன்னால் நம்புவது கஷ்டம் என்று எனக்கே தெரியும். ஆனால் அதற்கு அடுத்த நாள் செய்ததற்கு இந்தச் சமாதானம் எதுவும் பொருந்தாது. அதையும் சொல்கிறேன்.

10-ஆம் தேதி வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குப் போலீஸார் ஆபீஸுக்கு வந்தார்கள். தினேஷிடமிருந்து எடுத்த 208 ஷீட்டைக் காட்டி இது உங்களுடையதா என்று கேட்டார்கள். எங்கள் ஆபீஸில் ஷீட்டுக்கு இரண்டாவது பிரதி எடுப்பதில்லை, கையெழுத்தும் போடுவதில்லை; கம்ப்யூட்டரில் எப்போது திறந்தாலும் அன்றைய டேபிளை வைத்துப் புதிதாகக் கணக்கிட்டுக் காட்டும். பத்ரி என்னை அழைத்து, அந்த ஹாலின் கணக்கைத் திறக்கச் சொன்னார். நான் முதல் நாள் டேபிளை மாற்றியது அப்போது அவருக்குத் தெரியாது. நான் திறந்தேன். உயரம் நாலு எழுபத்தைந்து, முட்டு 357 என்று திரையில் வந்தது. "பாருங்க, எங்க சிஸ்டம் 357 சொல்லுது. இந்த 208 எங்கேருந்து வந்துதுன்னு அந்தப் பையனைத்தான் கேக்கணும்" என்று பத்ரி போலீஸாரிடம் தெலுங்கில் சொன்னார். போலீஸ்காரர் என்னைப் பார்த்து, சரிதானே அம்மா என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். சாயங்காலம் கையில் கட்டோடு தினேஷைக் கைது செய்தார்கள். அவனே ஷீட்டை மாற்றி அடித்து, மீதி முட்டுகளை வேறு எங்கோ அனுப்பிவிட்டான் என்று அவன் மேல் சந்தேகம். அது பொய். அந்த ஷீட் என் கம்ப்யூட்டரில் என் கையால் எடுத்தது.

அன்று மாலையே பத்ரியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்ப சரியா இருக்கில்ல? அப்ப விடுங்க" என்றார். நானும் விட்டேன். அவர் மேல் பழி போட எனக்கு யோக்கியதை இல்லை.

வீட்டில் என் கணவரிடம் 12-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமைதான் சொன்னேன். டேபிள் தப்பு என்று சொன்னபோது அவர் காபி குடித்துக்கொண்டே கேட்டார். உடனே சரி செய்துவிட்டேன் என்று சொன்னதும் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "தொட்டியா?" என்றார். "எங்க சிக்னல்ல ஒரு விபத்துன்னா, முதல்ல அதைச் சீல் வெப்போம் கல்பகம். தப்பா விழுந்த சிக்னல் கை தப்பாவே இருக்கணும். ஒருத்தரும் தொடப்படாது. அதுதானே சாட்சி" என்றார். இருபத்திரண்டு வருடமாக ரயில்வே குவார்ட்டர்ஸில் இருக்கிறேன். எத்தனை தடவை அவர் இந்தச் சீல் வைக்கிற கதையைச் சாப்பாட்டு வேளையில் சொல்லியிருக்கிறார், ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டிருக்கிறேன். அவர் போய்ச் சொல் என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. ஹம்ஸினி பக்கத்து அறையிலிருந்து எல்லாம் கேட்டிருக்கிறாள். "அம்மா, மரி ஆயன ஜெயில்லோ உன்னாடு கதா?" என்று தெலுங்கில் கேட்டாள், அப்போ அவர் ஜெயிலில்தானே இருக்கிறார் என்று அர்த்தம்.

அதற்குப் பிறகும் ஏழு நாள் சும்மா இருந்தேன். பயமா என்று கேட்டால், பயம் ஒரு பங்கு. என் டேபிளில் தப்பு என்று நாலு பேர் சொல்வார்களே என்ற வெட்கம் மூன்று பங்கு. ஓர் ஆள் செத்துப்போய், ஓர் ஆள் சிறையில் இருக்கும்போது எனக்கு என் பெயர் பெரிதாக இருந்தது. இதை எழுதிக்கொள்ளுங்கள் என்று நானே கேட்டு எழுத வைக்கிறேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை மதியம் தினேஷின் மனைவி ஆக்னஸ் என் வீட்டுக்கு வந்தாள். தூத்துக்குடிப் பெண், கல்யாணமாகி ஒன்றரை வருடம்தான் ஆகிறது, மல்காஜ்கிரியில் ஒற்றை அறை வீட்டில் இருக்கிறார்கள். மாதா கோயிலுக்குப் போய்விட்டு நேராக வந்திருந்தாள். என்னைத் திட்ட வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றும் இருந்தது. அவள் திட்டவில்லை. உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே பேசினாள். "அக்கா, சஞ்சல்கூடா ஜெயில்ல போய் அவுகளைப் பாத்தேன். எனக்கே இப்ப குழப்பமா இருக்குங்காவ. கல்பகம் அக்கா கணக்கு தப்பவே தப்பாது, நாந்தான் எங்கேயோ தப்பாப் படிச்சிருக்கணும், மேஸ்திரி சாவுக்கு நாந்தான் காரணம்னு சொல்லுதாவ. நாளன்னைக்குக் கோர்ட்டுல ஒத்துக்கிடப் போறாவளாம். நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாவ. அவுக நெசமாவே தப்பாப் படிச்சாவளாக்கா?" என்றாள்.

அவளுக்கு என்ன பதில் சொன்னேன் என்று கேட்டதற்கு நான் சொல்வது: இல்லை என்று சொன்னேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். அவள் அதை முதலில் புரிந்துகொள்ளவில்லை. என்னைச் சமாதானப்படுத்தப் பார்த்தாள். இரண்டாவது முறை சொன்ன பிறகு, செருப்பைப் போட்டுக்கொள்ளாமல் கையில் எடுத்துக்கொண்டு படி இறங்கிவிட்டாள்.

அதன் பிறகு பீரோவைத் திறந்தேன். வைரஸ் வந்து எல்லாம் போய்விடும் என்ற பயத்தில், சனிக்கிழமைதோறும் ஆபீஸ் டேபிள் அத்தனையையும் ஒரு சி.டி.யில் பதிந்து வீட்டுக்குக் கொண்டுவந்து புடவைகளுக்கு அடியில் வைப்பது என் வழக்கம். கடைசியாக வைத்தது நவம்பர் 4-ஆம் தேதி எடுத்தது. கூரை விழுவதற்கு ஐந்து நாள் முந்தியது. மேலே தேதி என் கையெழுத்தில் இருக்கிறது. அது என் வீட்டில் இருக்கிறது என்பது கூரை விழுந்த நாளிலிருந்தே எனக்குத் தெரியும். மறந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். அந்த சி.டி.யை இத்துடன் ஒப்படைக்கிறேன். அந்தச் சாஃப்ட்வேர் உள்ள எந்தக் கம்ப்யூட்டரிலும் போட்டு, முட்டு டேபிளைத் திறந்து, நாலு எழுபத்தைந்து என்று கொடுத்தால் 208 என்று வரும். நான் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை. இருக்கக் கூடாது என்றே கேட்டுக்கொள்கிறேன்.

தலைமைக் காவலர் ரோஸ்லின் இதுவரை எழுதியதை நிதானமாக வாசித்துக் காட்டினார். முதல் பக்கத்தில் என் வயதை 45 என்று எழுதியிருந்தார். எனக்குப் போன மாதம் 46 ஆகிவிட்டது. அந்தப் பக்கத்தை மட்டும் புதுத் தாளில் எழுதிக்கொள்ளலாமே என்று பழக்கதோஷத்தில் சொன்னேன். "அதெல்லாம் கூடாது மேடம். அடிச்சிட்டு, அடிச்சது படிக்கிற மாதிரி விட்டுட்டு, பக்கத்துல நீங்க கையெழுத்துப் போடணும்" என்றார். அப்படியே செய்தேன். 45-உம் தெரிகிறது, 46-உம் தெரிகிறது, திருத்தியவள் யார் என்பதும் தெரிகிறது. அன்று பன்னிரண்டு பத்துக்கு என் முன்னால் இப்படி ஒரு தாள் இருந்திருந்தால் தினேஷ் இன்று வீட்டில் இருந்திருப்பான்.

வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு நான் சொல்வது: ஆக்னஸ் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். என்னோடு பேச மாட்டேன் என்கிறாள், அது நியாயம். நாளைக் கோர்ட்டுக்கு அழைத்துப் போவதற்கு முன்னால் தினேஷிடம் ஒரு செய்தியைப் போலீஸாரே சொல்லிவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அவன் ஷீட்டைச் சரியாகத்தான் படித்தான். அக்டோபர் 17-ஆம் தேதி ஃபோனில் அவன் கேட்ட கேள்வியும் சரி. அந்தக் கேள்விக்கு என் பதில் இது என்று சொல்லுங்கள்: இரண்டு அங்குலத்துக்கு நூற்றைம்பது முட்டு குறையாது தினேஷ்.

மேலே உள்ள ஒவ்வொரு சொல்லும் என் வாயால் சொன்னது, நடந்தது நடந்தபடி. எவரும் மிரட்டியோ ஆசை காட்டியோ சொல்ல வைக்கவில்லை. வாசிக்கக் கேட்டு, வயது தவிர வேறெதையும் திருத்தாமல், கீழே கையொப்பம் இடுகிறேன்.

(ஒப்பம்) வி. கல்பகம்

பெற்றுக்கொண்டவை: நீல அட்டை நோட்டு ஒன்று, தேதியிட்ட சி.டி. ஒன்று. எழுதியவர்: ரோஸ்லின், தலைமைக் காவலர்.